சளியே வராத அம்மாவிடம் சளி கேட்கிறார் டாக்டர்: கொடுக்கத்தான் வேண்டுமா?

வந்த கேள்வி இது: "அம்மாவுக்கு 58 வயது. ஏழு வருடமாக ஆஸ்துமா, இன்ஹேலர் எடுக்கிறார். நான்கு மாதமாக இருமல் நிற்கவில்லை, ராத்திரியில் இரைப்பு. எக்ஸ்ரேயில் ஒரு சின்ன நிழல் மாதிரி இருக்கிறதாம். டாக்டர் சளி டெஸ்ட் எழுதினார். அம்மாவுக்கோ வறட்டு இருமல், டப்பாவில் எச்சில்தான் விழுகிறது. 'உப்புத் தண்ணீர் ஆவி கொடுத்து எடுக்கலாம்' என்கிறார்கள். சி.டி. ஸ்கேன், ப்ராங்கோஸ்கோப்பி எல்லாம் இருக்கும் காலத்தில் இந்தச் சளியில் அப்படி என்ன தெரிந்துவிடப் போகிறது?"

நிறையத் தெரியும். ப்ராங்கோஸ்கோப்பிக்கு, அதாவது மூச்சுக்குழாய்க்குள் கேமரா குழாய் விட்டுப் பார்ப்பதற்கு முன்னால், சளியைப் பார்த்துவிடுவதுதான் நல்ல வரிசை. நான் இருபது வருடத்துக்கு மேல் மைக்ரோபயாலஜி லேபில் சளி டப்பாக்களோடு காலம் தள்ளியவன், அதனால் அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். மருந்தை மாற்றுவது, கூட்டுவது, குறைப்பது உங்கள் டாக்டர் வேலை.

நுரையீரலுக்குப் போகும் காற்றுக்குழாய்களின் உள்சுவரில் எப்போதும் மெல்லிய கோழைப் படலம் இருக்கும். தூசி, புகை, கிருமி எல்லாம் அதில் ஒட்டிக்கொள்ளும். சுவரில் இருக்கும் நுண்ணிய மயிர்கள் அதை மெதுவாக மேலே தள்ளிக்கொண்டே இருக்கும், தொண்டைக்கு வந்ததும் நமக்குத் தெரியாமலே விழுங்கிவிடுவோம். நோய் வரும்போது இந்தப் படலம் கூடுகிறது, கெட்டியாகிறது, உள்ளே இருக்கும் செல்களின் வகை மாறுகிறது. அந்த இடத்தில் நடக்கும் சண்டையின் சிப்பாய்களும் எதிரிகளும் அதிலேயே சிக்கி மேலே வருகிறார்கள். ஸ்கேன் நிழல் எங்கே, எவ்வளவு பெரிது என்று காட்டும். அது டிபியா, பூஞ்சையா, சாதாரண நிமோனியாவா என்பதைப் பெரும்பாலும் ஊகமாகத்தான் சொல்ல முடியும். கிருமியைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் அங்கிருந்து வந்த பொருள் வேண்டும். ஊசி போடாமல், குழாய் விடாமல் அது கிடைக்கும் ஒரே வழி சளிதான்.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. வந்தது சளியாக இருக்க வேண்டும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், லேபுக்கு வரும் டப்பாக்களில் கணிசமானவை எச்சில். கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்க வந்த சளியை முதலில் ஸ்லைடில் தேய்த்து, குறைந்த பெரிதாக்கத்தில் பார்ப்போம். வாயின் உட்தோலிலிருந்து உதிரும் தட்டையான செல்கள் ஒரு பார்வைக்கு (மைக்ரோஸ்கோப்பில் ஒரு நேரத்தில் தெரியும் வட்டம்) 10-க்குக் கீழே, சீழ்ச் செல்கள் 25-க்கு மேலே இருந்தால் நல்ல மாதிரி. தட்டைச் செல்கள் குவிந்து கிடந்தால் அது வாயிலிருந்து வந்தது. அதைக் கல்ச்சர் போட்டால் வாயில் குடியிருக்கும் கிருமிகள்தான் வளரும், அந்த ரிப்போர்ட்டை நம்பி தேவையில்லாத ஆன்டிபயாடிக் உள்ளே போகும். எச்சிலாக இருந்தால் திருப்பி அனுப்புவது அதனால்தான், லேப்காரருக்குத் திமிர் என்று நினைக்காதீர்கள். டிபி டெஸ்டுக்கு மட்டும் இந்தக் கணக்கு கிடையாது. எச்சில் மாதிரி தெரியும் சாம்பிளிலும் டிபி கிருமி சில நேரம் இருக்கும், அதனால் அதைத் தள்ளாமல் பார்ப்போம்.

ஆவி பிடிக்கும் முன்னால் சாதாரணமாக ஒரு முறை சரியாக முயன்று பாருங்கள். பாதிப் பேருக்கு டப்பாவைக் கையில் கொடுப்பதோடு சரி, எப்படி எடுப்பதென்று யாரும் சொல்வதில்லை. காலையில் எழுந்ததும், ராத்திரி முழுக்கத் தேங்கியது வெளியே வரத் தயாராக இருக்கும் நேரம். பல் தேய்க்கும் முன், கொதித்து ஆறிய தண்ணீரில் வாயை நன்றாகக் கொப்பளிக்கச் சொல்லுங்கள். மாடியிலோ திறந்த வெளியிலோ நின்று, மூச்சை ஆழமாக இழுத்து சில நொடி நிறுத்தி விட வேண்டும். இரண்டு மூன்று முறை அப்படிச் செய்துவிட்டு, அடிவயிற்றிலிருந்து இரும வேண்டும். தொண்டையைக் காறினால் வருவது மூக்குச் சளி. 2 முதல் 5 மில்லி போதும். டப்பாவை இறுக மூடி அன்றைக்கே லேபில் சேர்த்துவிடுங்கள். ஒரு விஷயம்: ஆன்டிபயாடிக் தொடங்கும் முன்னால் கொடுத்தால்தான் கல்ச்சருக்கு மதிப்பு. நாலு நாள் மாத்திரை போட்டுவிட்டு வந்து "கிருமி எதுவும் வளரவில்லை" என்ற ரிப்போர்ட்டை வாங்கிப் போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இதற்கும் வரவில்லை என்றால்தான் அந்த உப்புத் தண்ணீர் ஆவி. தூண்டி எடுக்கும் சளி என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் உடல் நீரைவிட உப்பு அதிகமான 3 முதல் 5 சதவீத உப்புக் கரைசலை நெபுலைசரில் மெல்லிய துளியாக்கி உள்ளே இழுக்க வைப்பார்கள். உப்பு காற்றுக்குழாய்ச் சுவரிலிருந்து நீரை இழுக்கும், கோழை இளகும், இருமலும் வரும். 1958-லேயே புற்றுநோய்ச் செல்களைத் தேடுவதற்காக அமெரிக்காவில் இப்படிச் செய்து பார்த்தார்கள். 1980-களில் எய்ட்ஸ் நோயாளிகளுக்கு வந்த நியூமோசிஸ்டிஸ் நிமோனியாவை ப்ராங்கோஸ்கோப்பி இல்லாமல் கண்டுபிடிக்க அங்கேயே மறுபடி கையில் எடுத்தார்கள். 1992-ல் கனடாவின் ஹாமில்டன் நகரில், மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஃப்ரெடி ஹார்க்ரீவ் குழுவினர் இதை ஆஸ்துமாவுக்கான முறையான பரிசோதனையாக ஆக்கினார்கள். குழந்தைகளுக்குக்கூட முடியும். தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் 250 குழந்தைகளிடம் செய்து 2005-ல் வெளியான ஆய்வில், டிபியைக் கண்டுபிடிக்க மூன்று நாள் வயிற்றில் குழாய் விட்டு நீர் எடுப்பதற்கு, ஒரே ஒரு முறை தூண்டி எடுத்த சளி ஈடுகொடுத்தது. அதில் ஒரு மாதக் குழந்தைகளும் உண்டு.

உங்கள் அம்மாவுக்கு ஆஸ்துமா இருப்பதால் இதை ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்ல வேண்டும். உப்பு ஆவி காற்றுக்குழாயைச் சுருக்கிவிடும். அதனால் முதலில் குழாயை விரிக்கும் சால்புடமால் பஃப் கொடுத்து, ஊதச் சொல்லி அளவு பார்த்து, ஆவி கொடுக்கும் இடைவெளிகளில் மறுபடி மறுபடி ஊத வைப்பார்கள். ஊதும் அளவு 20 சதவீதம் குறைந்தால் நிறுத்திவிடுவார்கள். ஆகவே ஆஸ்பத்திரியில், பக்கத்தில் ஆள் இருக்கும்போது மட்டும். வீட்டில் நெபுலைசர் இருக்கிறதே, உப்பைக் கரைத்து ஊற்றிப் பார்க்கலாமே என்ற எண்ணம் யாருக்காவது வந்தால் தயவுசெய்து வேண்டாம். இன்னொன்று, டிபி சந்தேகம் இருக்கும்போது இருமலைத் தூண்டுவது கிருமியை அறை முழுக்கப் பரப்பும் வேலை. நல்ல காற்றோட்டமோ அதற்கான தனி அறையோ இருக்கிறதா என்று பாருங்கள்.

சரி, எடுத்தாயிற்று. என்ன பார்ப்பார்கள்?

முதல் கேள்வி டிபி. நான்கு மாத இருமல், எக்ஸ்ரேயில் நிழல் என்றால் நம் ஊரில் வேறு எதையும் யோசிக்கும் முன் அதைக் கேட்டாக வேண்டும். 1882 மார்ச் 24 அன்று ராபர்ட் காக் டிபி கிருமியைக் கண்டுபிடித்ததாக பெர்லினில் அறிவித்தார். அடுத்த ஒன்றிரண்டு வருடத்திலேயே இன்றைக்கும் நாங்கள் போடும் சிவப்புச் சாயம் வந்துவிட்டது. கிருமியின் மேல்தோலில் மெழுகு மாதிரிப் பொருள் இருப்பதால், ஏறிய சாயத்தை அமிலம் ஊற்றிக் கழுவினாலும் விடாது. நீலப் பின்னணியில் சிவப்புக் குச்சிகளாகத் தெரியும். ரிப்போர்ட்டில் வரும் 1+, 2+, 3+ என்பது அந்தக் குச்சிகளின் எண்ணிக்கை: நூறு பார்வைகளில் 10 முதல் 99 இருந்தால் 1+, ஒவ்வொரு பார்வையிலும் பத்துக்கு மேல் இருந்தால் 3+.

இதன் பலவீனமும் எண்ணிக்கையில்தான். ஒரு மில்லி சளியில் சுமார் 5,000 முதல் 10,000 கிருமிகளாவது இருந்தால்தான் ஸ்லைடில் கண்ணுக்குப் படும். அதனால் "சளி நெகட்டிவ்" என்றால் டிபி இல்லை என்று அர்த்தமாகாது. இந்த இடைவெளியை நிரப்ப வந்ததுதான் கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் டெஸ்ட். 2010-ல் உலக சுகாதார நிறுவனம் இதை ஏற்றது. மில்லிக்கு நூற்றுச் சொச்சம் கிருமி இருந்தாலே பிடித்துவிடும், இரண்டு மணி நேரத்தில் முடிவு வரும், டிபியின் முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கிருமி அடங்குமா என்பதையும் சேர்த்துச் சொல்லும். அதே வேலையைச் செய்யும் ட்ரூநாட் கருவி நம் நாட்டிலேயே உருவானது, பேட்டரியில் ஓடும். அதற்கு 2020-ல் ஏற்பு கிடைத்தது. அரசு மருத்துவமனைகளில் இந்த டெஸ்ட் இலவசம், கேட்டு வாங்குங்கள். ஒரு நுணுக்கம்: இந்தக் கருவிகள் செத்த கிருமியின் மரபணுவையும் பிடிக்கும். அதனால் முன்பு டிபி வந்து சிகிச்சை முடித்தவருக்கு பாசிட்டிவ் வந்தால் அவசரப்படக் கூடாது. மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க இன்றும் ஸ்லைடும் கல்ச்சரும்தான். கல்ச்சரில் முடிவு வர, கிருமிக்குத் தீனியான திரவ ஊடகத்தில் ஆறு வாரம் வரையும், முட்டை கலந்த பழைய ஊடகத்தில் எட்டு வாரம் வரையும் ஆகலாம்.

சளியை வைத்து உலகத்தின் மருத்துவ வழக்கமே மாறிய கதை ஒன்று சென்னையில் நடந்திருக்கிறது. 1956-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நான்கும் சேர்ந்து சேத்துப்பட்டில் ஒரு மையம் தொடங்கின. டிபி வந்தால் சானடோரியத்தில்தான் படுக்க வேண்டும் என்ற காலம் அது. நகரத்தின் ஏழை நோயாளிகளில் ஒரு பாதியை சானடோரியத்தில் சேர்த்து, மறு பாதியை வீட்டிலேயே வைத்து, இருவருக்கும் ஒரே மாத்திரைகளை ஒரு வருடம் கொடுத்தார்கள். மாதாமாதம் சளியைக் கல்ச்சர் போட்டுப் பார்த்தார்கள். நல்ல சாப்பாடும் ஓய்வும் காற்றும் கிடைத்த சானடோரியக்காரர்களுக்கு இணையாக, நெருக்கடியான வீட்டில் இருந்தவர்களும் தேறினார்கள். 1959-ல் முடிவு வெளியானதும் சானடோரியங்களின் காலம் முடியத் தொடங்கியது. எடை, முகக்களை, ஜுரம் இவற்றை மட்டும் பார்த்திருந்தால் இந்த வாதம் எடுபட்டிருக்குமா என்பது சந்தேகம்தான்.

டிபி இல்லை என்று ஆனபின் உங்கள் அம்மா விஷயத்தில் எனக்கு அதிக ஆர்வம் தரும் கேள்வி வருகிறது: ஏழு வருடமாக ஆஸ்துமா என்று சொல்கிறீர்களே, அது எந்த ஆஸ்துமா?

வெளியிலிருந்து பார்த்தால் எல்லா இரைப்பும் ஒன்றுபோலத்தான். சளிக்குள் பார்த்தால் அப்படி இல்லை. 1872-ல் ஜெர்மனியின் லேடன், ஆஸ்துமாக்காரர்களின் சளியில் இரு முனையும் கூரான, ஊசி மாதிரிப் படிகங்களைக் கண்டார். பிரான்ஸின் ஷார்கோ அதற்கு முன்பே வேறிடத்தில் பார்த்தவை அவை. பிற்பாடுதான் தெரிந்தது, அவை ஈயோசினோஃபில் என்ற வெள்ளணு செத்துச் சிதறும்போது உருவாகின்றன என்று. நானும் சில முறை பார்த்திருக்கிறேன், மைக்ரோஸ்கோப்பில் பார்க்க அழகாக இருக்கும், நோயாளிக்குத்தான் அழகில்லை.

இது வெறும் வேடிக்கையாக இருந்ததை சிகிச்சைக்குக் கொண்டுவந்தவர் இங்கிலாந்தின் டெர்பி நகரத்து ஹாரி மாரோ பிரவுன். 1956-ல் அந்த நாட்டின் பெரிய ஆய்வொன்று நாள்பட்ட ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டால் பெரிதாகப் பலன் இல்லை என்று சொல்லியிருந்தது. இவர் தன் நோயாளிகளின் சளியை கிளினிக்கிலேயே மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். ஈயோசினோஃபில் நிறைய இருந்தவர்கள் ப்ரெட்னிசொலோன் என்ற ஸ்டீராய்டில் தேறினார்கள், இல்லாதவர்கள் தேறவில்லை. இரண்டு கூட்டத்தையும் கலந்து சராசரி எடுத்தால் பலன் மறைந்துபோவது இயற்கைதானே? 1958-ல் இதை எழுதினார். சுமார் நாற்பது வருடம் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

அப்புறம் 2002-ல் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் வெளியான ஆய்வில் 74 ஆஸ்துமாக்காரர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு வழக்கம்போல அறிகுறிகளைப் பார்த்து மருந்து. மறு பாதிக்குத் தூண்டி எடுத்த சளியில் ஈயோசினோஃபில் 3 சதவீதத்துக்குள் இருக்கும்படி மருந்தைக் கூட்டுவது, குறைப்பது. ஒரு வருடத்தில் முதல் கூட்டத்துக்கு 109 கடுமையான தாக்குதல்கள், இரண்டாவது கூட்டத்துக்கு 35. இரு பக்கமும் கொடுத்த மொத்த ஸ்டீராய்டு ஏறக்குறைய ஒன்றுதான். தேவையானவர்களுக்குக் கூடியது, தேவையில்லாதவர்களுக்குக் குறைந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அம்மாவின் சளியில் ஈயோசினோஃபில் அதிகம் என்றால் ஸ்டீராய்டு இன்ஹேலர் போதவில்லை, அல்லது சரியாக உள்ளே போகவில்லை. மருந்தைக் கூட்டும் முன் அவர் எப்படி இழுக்கிறார் என்று யாராவது ஒருமுறை நின்று பார்க்க வேண்டும். ஈயோசினோஃபில் இல்லாமல் நியூட்ரோஃபில் என்ற சீழ்ச் செல் குவிந்திருந்தால் கதை வேறு: கிருமித் தொற்று, புகை, மூச்சுக்குழாய் நிரந்தரமாக விரிந்துபோகும் நோய் இவற்றைத் தேட வேண்டும், ஸ்டீராய்டைக் கூட்டுவதில் லாபம் குறைவு. டெஸ்டுக்கு முன்பு ஸ்டீராய்டு மாத்திரை சில நாள் போட்டிருந்தால் ஈயோசினோஃபில் மறைந்திருக்கும். அதை லேபில் சொல்லிவிடுங்கள்.

ஒரு நடைமுறைச் சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். இந்த செல் கணக்கு எல்லா லேபிலும் நடக்காது. எடுத்த இரண்டு மணி நேரத்துக்குள் கோழையைக் கரைக்கும் மருந்து போட்டு, வடிகட்டி, சுழற்றி, ஸ்லைடாக்கி, குறைந்தது 400 செல்களை ஒரு ஆள் உட்கார்ந்து எண்ண வேண்டும். பெரிய நுரையீரல் மையங்களில் மட்டும் இதற்கு ஆள் இருக்கும். மற்ற இடங்களில் இரத்தத்தில் ஈயோசினோஃபில் எண்ணிக்கையையும், மூச்சில் வரும் நைட்ரிக் ஆக்சைடையும் வைத்துச் சமாளிக்கிறார்கள். அது மோசமில்லை, ஆனால் சில நேரம் இரத்தம் ஒன்று சொல்லும், சளி இன்னொன்று சொல்லும். இரத்தத்தில் எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் ஏறியிருந்தால் யானைக்கால் புழுவால் வரும் நுரையீரல் ஒவ்வாமையையும் நினைக்க வேண்டும். ராத்திரி இருமல், இரைப்பு என்று ஆஸ்துமா வேடத்திலேயே வரும். 1940-ல் ஆந்திராவின் மதனப்பள்ளி டிபி சானடோரியத்தில் இருந்த மருத்துவர்கள்தான் இது டிபியில்லை என்று பிரித்து எழுதினார்கள். அதற்கு மருந்தே வேறு.

அம்மா பல வருடம் விறகு அடுப்பில் சமைத்தவரா? கேட்டதற்குக் காரணம் உண்டு. சளியில் இருக்கும் மேக்ரோஃபேஜ் என்ற துப்புரவு செல்கள் கரித்துகளை விழுங்கி வைத்திருக்கும், மைக்ரோஸ்கோப்பில் கறுப்புப் புள்ளிகளாகத் தெரியும். 2006-ல் லெஸ்டரில் ஆரோக்கியமான குழந்தைகளிடம் தூண்டி எடுத்த சளியில் இந்தக் கரியை அளந்தபோது, கரி கூடக்கூட நுரையீரல் திறன் குறைந்திருந்தது. சிகரெட் தொடாத நம் ஊர்ப் பெண்களுக்கு வரும் மூச்சிரைப்பில் அடுப்புப் புகைக்குப் பெரிய பங்கு உண்டு, அதை ஆஸ்துமா என்று எழுதிவிட்டுப் போவதும் நடக்கிறது.

சளியின் நிறத்தைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். பச்சை நிறம் நியூட்ரோஃபில்களுக்குள் இருக்கும் ஒரு நொதியின் நிறம், கிருமியின் நிறமில்லை. புகைப்பிடித்து வந்த நாள்பட்ட நுரையீரல் நோயில் மூச்சிரைப்பு கூடி, வெள்ளையாக இருந்த சளி பச்சையாகி, அளவும் கூடினால் ஆன்டிபயாடிக் நியாயம். சாதாரண ஜலதோஷத்தில் மஞ்சளாக வருவதற்கெல்லாம் வேண்டாம். ஆஸ்துமாவில் ஈயோசினோஃபில்களாலேயே சளி மஞ்சளாகலாம். இரத்தம் கலந்து வந்தால் அளவு எவ்வளவானாலும் உடனே டாக்டரிடம் போங்கள்.

புற்றுநோய் பயம் உங்கள் கேள்விக்கு அடியில் இருக்கிறது என்று நினைக்கிறேன், "நிழல்" என்ற வார்த்தை அப்படி. இங்கே சளி கொஞ்சம் ஏமாற்றும். பெரிய குழாய்களின் பக்கத்தில் இருக்கும் கட்டியிலிருந்து செல்கள் உதிர்ந்து வரும், ஓரத்தில் இருக்கும் கட்டியிலிருந்து பெரும்பாலும் வராது. 1970-களில் அமெரிக்காவில் மூன்று பெரிய மையங்களில் ஆயிரக்கணக்கான புகைப்பிடிப்பவர்களின் சளியைத் தொடர்ந்து பார்த்தார்கள். அதனால் சாவு குறையவில்லை. சாவைக் குறைத்துக் காட்டியது குறைந்த கதிர்வீச்சு சி.டி. ஸ்கேன், அந்த முடிவு 2011-ல் வந்தது. இப்போது புற்றுநோய்ச் செல்லில் ஒட்டும் ஒளிரும் சாயத்தைச் சளியில் கலந்து, லேசர் கருவி வழியே ஓடவிட்டு எண்ணும் புது முறைகள் வந்திருக்கின்றன. இன்றைக்கு உங்கள் அம்மாவுக்கு அதை நம்பி முடிவெடுக்கச் சொல்ல மாட்டேன். சளியில் புற்றுநோய்ச் செல் இருக்கிறது என்று வந்தால் அதற்கு எடை உண்டு. இல்லை என்று வந்தால் நிம்மதி அடைய வேண்டாம், ஸ்கேன் பாருங்கள்.

அதேபோல, நுரையீரல் திசுவே தடித்து இறுகும் நோய்களிலும் சளி அதிகம் பேசாது. காற்றறைகளுக்குள் நடப்பது குழாய்ச் சளியில் சரியாகத் தெரியாது. அங்கே ஸ்கேனும் சில நேரம் ப்ராங்கோஸ்கோப்பியும் வேண்டும். ப்ராங்கோஸ்கோப்பி ஒன்றும் பூதமில்லை, ஆனால் பட்டினி இருக்க வேண்டும், மயக்க ஊசி, செலவு, சிலருக்கு அன்றிரவு ஜுரம், ஆஸ்துமாக்காரருக்குக் கூடுதல் கவனம். மாதாமாதம் செய்யக்கூடியதும் இல்லை. சளியை எத்தனை முறை வேண்டுமானாலும் கொடுக்கலாம்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் இப்படிச் செய்வேன். நாளைக் காலை மேலே சொன்ன மாதிரி ஒரு சாம்பிள், மறுநாள் ஒன்று. வரவில்லை என்றால் ஆஸ்பத்திரியில் தூண்டி எடுக்கச் சொல்வேன். ஒன்று சிபிநாட் அல்லது ட்ரூநாட் டெஸ்டுக்கு, மற்றது சாதாரண கல்ச்சருக்கும் பூஞ்சைக்கும். ஈயோசினோஃபில் எண்ணும் வசதி இருக்கிறதா என்று கேட்பேன், இல்லையென்றால் இரத்த எண்ணிக்கையாவது. சி.டி. ஸ்கேனை இதற்காகத் தள்ளிப்போட வேண்டியதில்லை, இரண்டும் ஒரே வாரத்தில் நடக்கலாம். இவை எல்லாம் கையில் வந்தபின்னும் நிழலுக்குக் காரணம் தெரியவில்லை என்றால் ப்ராங்கோஸ்கோப்பிக்குத் தயங்க வேண்டாம். ரிப்போர்ட் வந்ததும் முதலில் முடிவைப் பார்க்காதீர்கள், சாம்பிளின் தரம் பற்றி எழுதியிருக்கும் வரியைப் பாருங்கள். "எச்சில்" என்று போட்டிருந்தால் டிபி டெஸ்ட் பாசிட்டிவாக வந்தால் மட்டும் கணக்கில் எடுங்கள், மற்றதற்கெல்லாம் அம்மாவை இன்னொரு காலை மாடிக்கு அனுப்புங்கள்.